மெடிகேர் பிளானை ஆண்டின் நடுவில் மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மாமனார் மெடிகேரில் இருக்கிறார், அதாவது அமெரிக்காவில் பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில். ஒரு பிப்ரவரியில் அவருக்குப் போன் வந்தது. எங்கேயோ ஒரு படிவத்தில் எண்ணைக் கொடுத்திருந்தார் போல. "சார், மாத்திரைச் செலவு உங்களுக்கு அதிகமாக இருக்கிறதே, மருந்துக்கு மட்டும் தனியாக ஒரு பிளான் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார் ஏஜென்ட். மாதம் சில டாலர்தானே என்று இவரும் சரி சொல்லிவிட்டார். மார்ச்சில் இதய மருத்துவரிடம் போனபோது ரிசப்ஷனில் இருந்த பெண் கார்டை வாங்கி, கணினியில் பார்த்து, அப்படியே திருப்பித் தந்தார். "நீங்கள் இந்த பிளானில் இப்போது இல்லையே."

யாரும் எதையும் ரத்து செய்யவில்லை. விதியே அப்படி. மெடிகேர் அட்வான்டேஜ் என்பது மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் பிளான். அதில் எச்.எம்.ஓ, பி.பி.ஓ வகையில் (நெட்வொர்க் எனும் ஒப்பந்த மருத்துவர் வட்டத்தை வைத்து நடப்பவை) இருப்பவர் தனியாக ஒரு பார்ட் டி மருந்து பிளானில் சேர்ந்தால், அட்வான்டேஜ் பிளான் தானாகக் கழன்றுவிடும். அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பிவிடுவார். அங்கே பெரும்பாலான மருத்துவர் செலவுகளில் 20 சதவீதம் நம் கையிலிருந்து போகும், அதற்கு ஆண்டு உச்சவரம்பும் கிடையாது. தவறான தகவல் சொல்லிச் சேர்த்தார்கள் என்று மெடிகேரிடம் புகார் செய்து, பழைய பிளானில் மறுபடி சேர்வதற்குள் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. "சேர்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், "சேர்த்தால் எது போகும்?" என்று முதலில் கேளுங்கள்.

இனி அடிப்படைக்கு வருவோம். பிளான் பிடிக்கவில்லை என்பதற்காக ஜூலையிலோ ஆகஸ்டிலோ மாற்றிக்கொள்ள முடியாது. எல்லோருக்கும் திறந்திருக்கும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. அப்போது எடுக்கும் முடிவு ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வரும். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் அது ஏற்கெனவே அட்வான்டேஜ் பிளானில் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை. என் மாமனார் விஷயத்தில் சிக்கலே அதுதான். அந்த ஒரு முறையைத் தெரியாமலே செலவழித்துவிட்டிருந்தார்.

மற்ற மாதங்களில் மாற்ற, விதியில் சொல்லியிருக்கும் காரணம் ஒன்று வேண்டும்: பிளானின் சேவைப் பகுதியை விட்டு வேறு ஊருக்குக் குடிபோவது, வேலைவழிக் காப்பீடு முடிவது, மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) கிடைப்பது அல்லது போவது போன்றவை. உங்கள் பகுதியில் 5 நட்சத்திர மதிப்பீடு பெற்ற பிளான் இருந்தால், டிசம்பர் 8 முதல் அடுத்த நவம்பர் 30 வரை ஒரு முறை அதற்கு மாறலாம். பலர் ஏமாறுவது இங்கேதான்: "எங்கள் டாக்டர் நெட்வொர்க்கை விட்டுப் போய்விட்டார், அதனால் மாற்றலாம்தானே?" பெரும்பாலும் முடியாது. ஒரு மருத்துவர் விலகுவது தானாக அந்த உரிமையைத் தராது.

காரணம் இருந்தாலும் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும். மகள் வீட்டுக்கு அருகில் குடிபோகிறீர்கள் என்றால், முன்கூட்டியே பிளானிடம் சொல்லிவிட்டால் போகும் மாதத்துக்கு முந்தைய மாதமே மாறும் வாய்ப்பு தொடங்கிவிடும். போன பிறகு இரண்டு முழு மாதங்கள் வரை அது இருக்கும். பெட்டி பிரித்து, சமையலறை அடுக்கி முடிப்பதற்குள் இரண்டு மாதம் போய்விடும், அதனால் கிளம்பும் முன்பே போன் செய்துவிடுங்கள்.

பிளான் மாறினால் கட்டிய பணம் கூடவே வருமா?

பிரீமியத்தை ஒப்பிடுகிறோம், கோபேயை (ஒவ்வொரு சிகிச்சைக்கும் நாம் கட்டும் பங்கு) ஒப்பிடுகிறோம், இதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அட்வான்டேஜ் பிளானில் ஓர் ஆண்டில் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய தொகைக்கு ஓர் எல்லை உண்டு. 2026-ல் நெட்வொர்க்குக்குள் எந்த பிளானும் அதை 9,250 டாலருக்கு மேல் வைக்க முடியாது, பல பிளான்களில் குறைவாகவும் இருக்கும். ஒரு பெரியம்மாவுக்கு மே மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். 5,000 டாலர் எல்லையில் 4,200 டாலர் ஏற்கெனவே கட்டியாயிற்று. இன்னும் 800 டாலர் கட்டினால், அந்த பிளான் ஏற்கும் சிகிச்சைகளுக்கு டிசம்பர் வரை அவர் பங்கு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் ஆகஸ்டில் வேறு நிறுவனத்தின் பிளானுக்குப் போனால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மாதம் 20 டாலர் மிச்சம் என்று மாறியவர் ஆயிரக்கணக்கில் மறுபடி கட்ட வேண்டி வரலாம்.

மருந்துக் கணக்கு வேறு. பார்ட் டி மருந்துகளுக்கு 2026-ல் ஆண்டு உச்சவரம்பு 2,100 டாலர். அதில் நீங்கள் கட்டியது பிளான் மாறினாலும் கூடவே வரும். ஆனாலும் பழைய பிளான் மாதாமாதம் அனுப்பும் கணக்குத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய பிளானில் தொகை சரியாக ஏறவில்லை என்றால் அதுதான் சாட்சி.

மெடிகேப் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை

எனக்கு மிகவும் பயமளிக்கும் தவறு இதுதான். ஒரிஜினல் மெடிகேரோடு மெடிகேப் (அதில் நம் கையிலிருந்து போகும் பங்கை ஏற்கும் தனியார் துணைக் காப்பீடு) வைத்திருக்கும் ஒருவர் அட்வான்டேஜ் பிளானுக்குப் போகிறார், பல்லும் கண்ணாடியும் அதில் சேர்ந்து வருகிறதே என்று. நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால் ஒரிஜினல் மெடிகேர் அப்படியே இருக்கும். ஆனால் மெடிகேப் விற்கும் நிறுவனம் உடல்நிலையைக் கேட்கும், கூடுதல் விலை சொல்லும், முடியாது என்றும் சொல்லும். 65 வயதாகி பார்ட் பி (மெடிகேரில் மருத்துவர் செலவுக்கான பகுதி) தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம்தான் கேள்வி கேட்காமல் தர வேண்டிய காலம். அப்புறம் பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பு சில சூழ்நிலைகளில் மட்டும்தான். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் மாநிலங்களில் இருப்பவர்களுக்கு விதி தாராளமானது. மற்றவர்களுக்கு நினைவில் இருக்க வேண்டிய ஒரு வாசல் உண்டு: மெடிகேப்பை விட்டு முதன்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவர்களுக்கும், 65 வயதில் நேராக அட்வான்டேஜில் சேர்ந்தவர்களுக்கும் முதல் 12 மாதத்துக்குள் திரும்பும் உரிமை இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பதினோராவது மாதம் வரை பொறுத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, மெடிகேப் தானாக ரத்தாகாது. நீங்கள்தான் எழுதிக் கொடுத்து நிறுத்த வேண்டும். அட்வான்டேஜோடு அதைப் பயன்படுத்தவும் முடியாது. ஆனால் புதிய பிளானில் சேர்ந்தது உறுதி என்ற கடிதம் கைக்கு வரும் வரை நிறுத்தாதீர்கள்.

பழைய கம்பெனி தரும் ஓய்வுக்காலக் காப்பீடு இருந்தால், வெளி பிளானில் சேர்வதற்கு முன் கம்பெனியின் அலுவலகத்தில் கேளுங்கள். சில இடங்களில் அது நிரந்தரமாகப் போய்விடும், மனைவியின் காப்பீடும் சேர்ந்தே போகும்.

மருந்து பாட்டில்களும் மருத்துவர்களும்

மாறுவதற்கு முன் மருந்து பாட்டில்கள் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வையுங்கள். பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதி, ஒவ்வொன்றும் புதிய பிளானின் பட்டியலில் எந்த விலை அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். என் மாமனாரின் பட்டியலில் ஒரே ஒரு ரத்த உறைவு மாத்திரைதான் மொத்தக் கணக்கையும் புரட்டிப் போட்டது. மருத்துவரின் அலுவலகத்தில் "மெடிகேர் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் போதாது. பிளானின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சிகிச்சை நடுவில் இருப்பவர் ஓர் அட்வான்டேஜ் பிளானிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சைக்குப் புதிய பிளான் குறைந்தது 90 நாள் மறு அனுமதி கேட்காமல் தொடர விட வேண்டும். அந்த 90 நாளுக்குள் புதிய அனுமதிகளை வாங்கிவிடுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று. இந்தியாவுக்குப் போய் ஆறேழு மாதம் தங்குவது பல வீடுகளில் வழக்கம். சேவைப் பகுதிக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அட்வான்டேஜ் பிளான் பொதுவாக உங்களை நீக்கிவிடும். பார்ட் டி-யும் அதோடு போனால், தகுதியான மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் கடந்தாலே அபராதம் பிறகு பிரீமியத்தோடு ஒட்டிக்கொள்ளும். டிக்கெட் எடுக்கும் முன் பிளானிடம் கேட்டுவிடுங்கள்.

சந்தேகம் என்றால் ஏஜென்ட்டைக் கேட்பதற்கு முன் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணை அழையுங்கள், மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைப்பார். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவையும் இருக்கிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை. அந்த மருந்துப் பட்டியலையும் பழைய பிளானின் கடைசிக் கணக்குத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.