சென்னையிலிருந்து பலாலிக்கு: 355 கிலோமீட்டர், ஆனால் எவ்வளவு நேரம்?

லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ யாழ்ப்பாணம் போகிறவர்கள் இப்போது கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தை விட்டுச் சென்னை வழியாகப் போகலாமா என்று யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வானில் பறக்கும் நேரத்தை மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

சென்னைக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து என்றால் ஏறத்தாழ 185 கிலோமீட்டர்தான். தஞ்சைப் பக்கத்து வயல்களைத் தாண்டினால் கடல், அதைக் கடந்தால் பலாலி இருக்கும் வலிகாமம். இந்த வழிகளில் ஓடுவது ஏடிஆர்-72 என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கும். அதனால், புறப்படவும் தரையிறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம், திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு நாடுகளுக்கும் ஒரே நேரம், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

சரி, மீதி நேரம் எங்கே போகிறது? சென்னையில்தான். லண்டன் டிக்கெட்டும் யாழ்ப்பாண டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால், சென்னையில் குடிவரவு முடித்து, சாமான்களை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதாவது பிரிட்டிஷ், கனேடியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இலங்கை அனுமதியோடு இந்திய விசாவும் தேவை. பலர் தடுமாறுவது இங்கேதான். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று இந்தியாவுக்குள் இரண்டு தடவை நுழைவீர்கள். விசா அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்து எடுங்கள். முழுப் பயணமும் ஒரே டிக்கெட் என்றால், சாமான் நேரே பலாலிக்குப் போகுமா என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

சாமான் எடையையும் கவனியுங்கள். நீண்ட தூர விமானத்தில் இரண்டு பெட்டி அனுமதித்திருப்பார்கள், சிறிய விமானத்தில் அளவு குறைவு. உறவுகளுக்கென்று ஆசையாக வாங்கிய பொருட்களுக்கு விமான நிலையத்தில் மேலதிகக் கட்டணம் கட்டுவது மனதுக்குக் கஷ்டம். கூடுதல் எடையை இணையத்திலேயே முன்கூட்டி வாங்கினால் பெரும்பாலும் மலிவு. அப்புறம், ஏடிஆர் விமானத்தில் பின்பக்கப் படியேறித்தான் உள்ளே போக வேண்டும். அம்மா, அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள்.

பலாலிக்கு ஒரு நாளில் வருவது ஓரிரு விமானங்கள்தான். லண்டன் விமானம் தாமதமானால் அடுத்தது மறுநாள். ஆகவே சென்னையில் ஓர் இரவு தங்கிப் போவதே என் யோசனை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், இரு பக்கமும் வானிலை குழப்பும். அந்த மாதங்களில் திரும்பும்போதும் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

இந்திய விசா இல்லாதவர்களுக்கும் நிறையச் சாமானோடு வருகிறவர்களுக்கும் கட்டுநாயக்காதான் வசதி. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகச் சுமார் 370 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம் ஆகும். வயதானவர்களுக்கு அந்த ஓட்டம் கடினம். பலாலியில் இறங்கினாலோ யாழ் நகரம் அரை மணி, முக்கால் மணிப் பயணம்தான். அம்மாவைக் கூட்டிப் போவதானால் விசாவுக்கு அலைந்தாலும் பரவாயில்லை என்று நான் பலாலியைத்தான் எடுப்பேன்.