நேரான வீதியில் வழி தவறாமல் போக

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியை வரைபடத்தில் பார்ப்பவருக்கு, இதில் தவறுவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். வவுனியாவை விட்டால் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று அடிமட்டம் வைத்துக் கீறியது போல வடக்கே போகிறது. ஆனால் மாங்குளம் சந்தியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கையில் பையும் காதில் தொலைபேசியுமாக, நான்கு திசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஒருவராவது நிற்பார். நான் அந்தச் சந்திக்குப் பக்கத்தில் குடியிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருபவன். வழி சொல்லிச் சொல்லியே எனக்கு விளங்கியது இதுதான்: வீதி நேராக இருப்பதால் விசாரிக்கத் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். எந்தச் சந்தியில் திரும்புவது, எந்தப் பெயரால் கேட்பது, எத்தனை மணிக்கு இறங்குவது என்ற மூன்றில் ஒன்று பிழைத்துவிடுகிறது.

கட்டை என்றால் மைல்

முதலில் கட்டைக் கணக்கு. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஓர் இடம் இருக்கிறது. கடைப் பலகை, கல்யாண அழைப்பிதழ், விபத்துச் செய்தி எல்லாவற்றிலும் இந்தப் பெயர் வரும். இந்த 155, கண்டியிலிருந்து எண்ணிய மைல். கிலோமீற்றரில் ஏறத்தாழ 250. இப்போது வீதியோரம் நிற்கும் கற்களோ கிலோமீற்றர் கற்கள்; அவையும் கண்டியிலிருந்தே எண்ணப்படுகின்றன. மைற்கல் மறைந்துவிட்டது, பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

எங்கள் உறவுக்காரத் தம்பி ஒருவர் கொழும்பிலிருந்து முதல் தடவை கார் ஓட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்தார். விடியற்காலையில் எனக்குத் தொலைபேசி அழைப்பு.

"அண்ணை, 155ஐக் கண்டுவிட்டேன். மண்டபம் எந்தப் பக்கம்?"

"பக்கத்தில் என்ன இருக்கிறது, தம்பி?"

"ஒன்றும் இல்லை. வயல்தான் இருக்கிறது."

அவர் நின்ற இடம் வவுனியாவுக்கும் தெற்கே. மண்டபத்துக்கு இன்னும் 90 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டியிருந்தது. தாலி கட்டி முடிந்து, பந்தி நடக்கும்போதுதான் வந்து சேர்ந்தார். முகவரியில் 'கட்டை' என்று கண்டால் அந்த எண்ணை 1.6 ஆல் பெருக்கிப் பாருங்கள். அல்லது பக்கத்தில் உள்ள கோயில், பாடசாலை, குளம் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னதே நல்லது.

பெயரிலும் இதே சிக்கல். கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் ஏ9 என்பது கண்டி வீதி. வவுனியா நகருக்குள் வந்தால் தெற்கே போகும் துண்டுதான் கண்டி வீதி. வடக்கே போகும் துண்டு யாழ் வீதி. யாழ்ப்பாணத்துக்காரர் வவுனியாவில் ஆட்டோவில் ஏறி, தான் வந்த வீதியை நினைத்துக் 'கண்டி வீதி' என்பார். சாரதி சரியாக எதிர்த்திசையில் கொண்டுபோய் விடுவார். இதில் சாரதியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதே நகரில் பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் என்று இரண்டு இருப்பதையும் மறக்க வேண்டாம். 'பஸ் நிலையத்தில் நிற்கிறேன்' என்ற செய்தி அங்கே பாதிச் செய்திதான்.

முல்லைத்தீவுக்கு எங்கே திரும்புவது?

சந்தியில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஏ9 முல்லைத்தீவு நகருக்குப் போவதில்லை. அதிலிருந்து கிழக்கே பிரியும் வீதிகள்தான் போகின்றன, முக்கியமானவை இரண்டு. மாங்குளத்தில் பிரியும் ஏ34 ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போகிறது. பரந்தனில் பிரியும் ஏ35 தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகிறது. இரண்டும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இவை தவிர, புளியங்குளத்தில் நெடுங்கேணிப் பக்கம் பிரியும் வீதியும் உண்டு.

தெற்கிலிருந்து வருபவர் மாங்குளத்தை விட்டுப் பரந்தன் வரை போய்த் திரும்பினால் ஒரு பெரிய முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைச் சுற்றுகிறார். வடக்கிலிருந்து வருபவர் பரந்தனை விட்டு மாங்குளம் வந்தாலும் அதே கதை. விசுவமட்டுக்குப் போக வேண்டியவர் முல்லைத்தீவு மாவட்டம் என்ற நினைப்பில் மாங்குளத்தில் இறங்கி நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவருக்குப் பரந்தன்தான் சந்தி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கோ ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கோ தெற்கிலிருந்து வருபவருக்கு மாங்குளம். ஆகவே 'முல்லைத்தீவுக்குப் போகிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊரின் பெயரைச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்லும்போதும் முழுவதையும் சொல்ல வேண்டும். வன்னி குளங்களின் நாடு. புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், வன்னிவிளாங்குளம், பாண்டியன்குளம், அக்கராயன்குளம், முத்தையன்கட்டுக்குளம்... நெரிசல் பஸ்ஸில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவில், நடத்துநர் காதில் விழுவது கடைசி 'குளம்' மட்டுமே. புளியங்குளம் என்ற பெயர் வேறு இடங்களிலும் இருப்பதால் தொலைபேசி வரைபடமும் சிலசமயம் வேறெங்கோ கூட்டிப்போகும்.

மேற்குப் பக்கத்தைப் பலர் மறந்தே விடுகிறார்கள். மாங்குளத்திலிருந்து மல்லாவி, துணுக்காய் பக்கம் போகும் வீதி வெள்ளாங்குளத்தில் ஏ32ஐத் தொடுகிறது. மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் வீதி அந்த ஏ32. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பின்பு மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வவுனியா வந்து ஏ9இல் ஏறிப் போக வேண்டிய தேவை இல்லை. தூரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பழக்க தோஷத்தில் இன்றும் சுற்றிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏ32 பக்கம் கடைகளும் எரிபொருள் நிலையங்களும் ஐதாகத்தான் இருக்கும். தாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்படுவது புத்தி. மடு மாதாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: வவுனியாவிலிருந்து மன்னார் வீதி, ஏ9 அல்ல.

எந்தக் கச்சேரி?

மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி பஸ்ஸில் முக்கால் மணி நேரப் பயணம். ஆனாலும் மாங்குளம் கிளிநொச்சி மாவட்டம் அல்ல. 1978இல் உருவான முல்லைத்தீவு மாவட்டம். கிளிநொச்சிக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும் முறிகண்டியும் முல்லைத்தீவு மாவட்டமே. கனகராயன்குளமும் புளியங்குளமும் வவுனியா. மறுமுனையில், ஆனையிறவைத் தாண்டியதும் யாழ்ப்பாண மாவட்டம் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். பளை குடாநாட்டுக்குள் இருக்கிறதே தவிர, 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்த கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது.

இது பொது அறிவுப் போட்டிக்கான விஷயம் அல்ல. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு கிட்ட இருக்கிறதே என்று கிளிநொச்சிக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய், அங்கிருந்து முல்லைத்தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு நாள் கூலியை இழந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். புறப்படும் முன் கிராம அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இரவு

கொழும்பிலிருந்து இரவு புறப்படும் பஸ்கள் பல மாங்குளத்தைத் தொடுவது அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு. முல்லைத்தீவு, மல்லாவிப் பக்கங்களுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. குழந்தைகளுடன் வருபவர்கள் விடியும் வரை மூடிய கடை வாசலில் நுளம்பு அடித்துக்கொண்டு இருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். விடிந்த பின் வந்து சேரும் பஸ்ஸைப் பாருங்கள், அல்லது ஆட்டோக்காரர் ஒருவரை முதலே பேசி வையுங்கள். நித்திரை கொள்வதற்கு முன் இறங்கும் இடத்தை நடத்துநரிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவரை மட்டும் நம்பாதீர்கள். அவரும் கண் அயர்கிற மனிதர்தான். ரயிலில் வருகிறவர்கள், தாங்கள் ஏறும் வண்டி தங்கள் நிலையத்தில் நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். எல்லா வண்டியும் எல்லா இடத்திலும் நிற்பதில்லை.

சொந்த வாகனத்தில் வருபவர்களின் தவறு வேறு. போருக்குப் பின் வீதி அகலமாக, வழவழப்பாக வந்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய வரை நேர்கோடு. கால் தானாக அழுத்துகிறது. சட்டப்படி கார்களுக்கு ஊர் மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர். வேகம் அளக்கும் கருவியோடு மரநிழலில் நிற்கும் பொலிஸாருக்குப் பயந்து பகலில் மெதுவாகப் போகிறவர்கள், பயப்பட வேண்டிய இரவில்தான் பறக்கிறார்கள்.

இரவில் வீதி மாடுகளுடையது. கட்டாக்காலி மாடுகள் பகல் முழுவதும் மேய்ந்துவிட்டு இருட்டியதும் தாரில் வந்து படுக்கின்றன. வெயில் குடித்த தார் நடுநிசி வரை இளஞ்சூடாக இருக்கும். மண்ணில் படுப்பதைவிட நுளம்பும் குறைவு. கறுப்பு மாடு, கறுப்புத் தார். எதிரே வரும் லொறியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்து விலகும் அந்த இரண்டு விநாடிக்குள் அது முன்னால் இருக்கும். கண் மட்டும் பச்சையாக மினுங்கும். தலையை மறுபக்கம் திருப்பியிருந்தால் அதுவும் இல்லை. பின் விளக்கில்லாமல் போகும் உழவு இயந்திரப் பெட்டியும் அப்படியே. காலபோக அறுவடை நாட்களில் வீதியின் ஒரு கரை நெல் காயப்போடும் களமாகிவிடும்; சுற்றிவரக் கல் வைத்திருப்பார்கள், இரவில் நெல்லை அள்ளிய பின்பும் கல் அங்கேயே கிடக்கும். யானை கடக்கும் இடம் என்று பலகை போட்டிருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்தது அல்ல.

மாரியில் இன்னும் ஒன்று. ஏ9 பெரும்பாலும் தாங்கும்; கிளை வீதிகள் தாங்குவதில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் தண்ணீருக்குள் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கடும் மழை நாளில் ஏ35இல் வட்டுவாகல் பாலத்தைக் கடக்க எண்ணினால் அந்தப் பக்கம் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். இரணைமடுக் குளத்தின் கதவு திறந்தது என்று செய்தி வந்தால் அது கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருப்பவர்களுக்கான செய்தி என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

வாகனத்தை நிறுத்திப் பற்றைக்குள் இறங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முகமாலைப் பக்கம் நீண்ட காலமாக மிதிவெடி அகற்றும் வேலை நடந்த நிலம். சிவப்புப் பலகையைக் கண்டால் தாரை விட்டு ஓர் அடியும் வைக்க வேண்டாம்.

முறிகண்டியில்

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகும் சாரதி குறைவு. பஸ் நிற்கும், தேங்காய் உடையும், உண்டியலில் சில்லறை விழும், எல்லோரும் கச்சான் வாங்க ஓடுவார்கள். சூடான மணலில் வறுத்த கச்சான். கடதாசிச் சுருளைத் தாண்டிக் கையில் சுடும். இங்கே செய்யும் தவறு, இறங்கும்போது தன் பஸ்ஸைச் சரியாகப் பார்த்து வைக்காதது. தெற்கே போவதும் வடக்கே போவதும் அங்கேதான் நிற்கும்.

ஊருக்கு வழி சொல்லும் நான் ஒருநாள் காலை கச்சானோடு அவசரமாக ஓடிப்போய் ஏறினேன். உள்ளே சரியான நெரிசல். கம்பியைப் பிடித்து நிற்க ஓர் இடம் கிடைத்ததே பெரிது. நடத்துநர் என்னிடம் வந்து சேரவே கால் மணி நேரமாயிற்று. "கிளிநொச்சி" என்று காசை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார், மணியை அடித்தார். புறப்பட்ட சந்தியிலேயே இறங்கினேன். கச்சான் இன்னும் சூடாகத்தான் இருந்தது.