காட்டு வேலை இருக்கே, நடை எதற்கு?

எங்கள் ஊரில் நடக்கச் சொன்னால், ‘காட்டில் பாடுபடுவது போதாதா?’ என்பார்கள். முன்பு சரி. இப்போது உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு இயந்திரம், டீக்கடைக்குக்கூட பைக். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை போன்ற உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டாம். பால் ஊற்ற சொசைட்டிக்கு நடந்தே போங்கள். அப்புறம் இரவு சாப்பிட்டதும் தெருக்கோடி வரை 10 நிமிடம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

சர்க்கரை உள்ளவர்கள் வரப்பில்கூட வெறுங்காலோடு நடக்காதீர்கள். காலில் உணர்வு மரத்திருந்தால் முள் குத்தியதே தெரியாது, புண்ணாகிவிடும். வீடு வந்ததும் உள்ளங்காலைத் திருப்பி, விரலிடுக்கு வரை பாருங்கள். அப்பாவுக்கு நான்தான் தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.