கடுஞ்சிவப்புச் சுவர்: நிறத்தைத் தெரிவுசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு ஹோலுக்குக் கடுஞ்சிவப்பு அடிக்க விரும்புவோரில் பலர் நிறத்தைக் கடையிலேயே முடிவுசெய்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடையின் வெள்ளை வெளிச்சத்தில், உள்ளங்கை அளவுகூட இல்லாத அட்டையில் அளவாகத் தெரிந்த மறூன், நான்கு சுவர்களிலும் ஏறியதும் ஒன்றின் சிவப்பு மற்றொன்றில் பட்டுக் கடுமையாகி, அறையையே இருட்டாக்கிவிடும். நல்ல வெள்ளைச் சுவர் தன்மீது விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பி விடுகிறது. கடுஞ்சிவப்போ பெரும்பாலும் 10 பங்கைக்கூடத் திருப்பித் தருவதில்லை. வெயிலுக்காக விறாந்தைக் கூரையைத் தாழ இறக்கிக் கட்டிய வீட்டில் யன்னலுக்கு எதிரே உள்ள ஒரு சுவர் மட்டும் போதும்.

இரவு வெளிச்சத்தை மறப்பது அதைவிடப் பெரிய தவறு. விற்பனைக்கு வரும் எல்ஈடி குமிழ்களில் 6500 கெல்வின் வகையே அதிகம் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறச்சாயலைக் குறிக்கும் அளவு). அதன் நீலச்சாயலில் மறூன் உயிரிழந்து, மண்ணிறத்துக்கோ ஊதாவுக்கோ சாய்ந்துவிடும். 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் வெளிச்சத்தில் அதே சுவர் செழுமையாகத் தெரியும். ஆனால் அதுவும் முழு உறுதியன்று. குமிழின் வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்ல அதன் பெட்டியில் அச்சிடப்படும் நிறத்தரச் சுட்டெண் (CRI), வெளிறிய 8 மாதிரி நிறங்களின் சராசரி மாத்திரமே. கடுஞ்சிவப்பு ஒன்பதாவது மாதிரியாகத் தனியே நிற்பதால், சுட்டெண் 80 என்று போட்ட மலிவுக் குமிழும் சிவப்பை மோசமாகவே காட்டக்கூடும். ஆகவே குமிழை மாற்றிய பின்னரே நிறத்தை முடிவுசெய்ய வேண்டும்.

ஏற்கனவே வீட்டில் இருக்கும் சிவப்பைக் கணக்கில் எடுக்காதவர்களும் உண்டு. பழைய சிவப்புச் சீமெந்து நிலம் செம்மஞ்சள் பக்கம் சாய்ந்தது. நீலம் கலந்த மறூனை அதற்கு மேலே நிறுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று அழுக்காகக் காட்டும். அங்கே செங்கல் சாயலுள்ள சிவப்பே ஒத்துவரும். முதிரைக் கதவு, நிலைகளின் பொன்மஞ்சளும் அந்தச் சிவப்போடு நன்றாகச் சேரும். இரண்டடிச் சதுரப் பலகையொன்றில் இரண்டு பூச்சு அடித்து, அதை நிலத்தோடும் கதவோடும் சாய்த்துவைத்துக் காலையிலும், பின்னேர வெயிலிலும், லைற் போட்ட பிறகும் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மற்றச் சுவர்களுக்குப் பளிச்சென்ற வெள்ளையைத் தெரிவுசெய்வதும் பரவலாக நடக்கிறது. சிவப்பும் தூய வெள்ளையும் அடுத்தடுத்து வந்தால் கோயில் வெளிமதிலின் ஞாபகமே வரும். அது சாமிக்கு அழகு, ஹோலுக்கு அல்ல. கிறீம் அல்லது வெளிறிய மணல் நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பூசும் வேலையில் நேரும் தவறுகள் வேறு. புதிய சாந்து குறைந்தது 28 நாட்களாவது காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கூடுதலாக. ஈரம் வற்றாத சாந்தின் காரம் சில சிவப்பு நிறமிகளைத் திட்டுத்திட்டாக வெளிறச் செய்யும். உப்புப் பூக்கும் சுவராக இருந்தால், வெள்ளையில் மறைந்துகிடந்த உப்பு சிவப்பில் அப்படியே தெரியும் என்பதால், கசிவை அடைக்காமல் அந்தச் சுவரைத் தொடவே கூடாது. கடுஞ்சிவப்பில் மறைக்கும் திறன் கூடிய வெண்நிறமி மிகக் குறைவு. வெள்ளை அடிப்பூச்சின் மேல் மூன்று, நான்கு தடவை அடித்தாலும் அடி தெரியலாம். சாம்பல் நிற அடிப்பூச்சு அந்தச் செலவைக் குறைக்கும்.

மங்கல் பூச்சில் கதிரை உரசிய இடம் வெள்ளைக் கோடாக நிற்கும். மினுங்கும் பூச்சு மேசன் விட்ட மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். இடைப்பட்ட மினுக்கமே நல்லது. ஒரு லீற்றர், ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வரும் என்று கணக்கிட்டு, தேவையான முழு அளவையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லி, எல்லா வாளிகளையும் ஒன்றாக ஊற்றிக் கலந்த பிறகே சுவரில் அடிக்க வேண்டும். இடையில் முடிந்து, பிறகு வாங்கிச் சேர்த்த வாளி எந்த இடத்தில் தொடங்கியது என்பது சுவரிலேயே தெரியும்.