நெட் வரவில்லையா? முதலில் அந்த ஊக்கைக் கீழே வையுங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மும்பை செம்பூரில் எங்கள் எதிர்வீட்டு மாமா கதவைத் தட்டினார். கையில் ஒரு ஊக்கு. "ஏம்ப்பா, நெட் வரலை, ரீசெட் பண்ணிட்டேன், இப்பவும் வரலை" என்றார். அவர் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்கள். பையனுக்கு ஆபீஸ் வேலைக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று, மாமா ஷேர் பார்க்கிற பழைய டெஸ்க்டாப் ஒன்று. மூன்றுமே வயரில்தான், ஏனென்றால் அந்தக் காலத்துச் சுவர்களைத் தாண்டி வைஃபை உள் அறைக்குப் போவதில்லை. விசாரித்தால், காலையில் நெட் இல்லாமல் போனது மாமாவின் டெஸ்க்டாப்பில் மட்டும்தான். மற்ற இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. நெட்டைப் பிரித்துத் தருகிற ரவுட்டர் பெட்டியில் ஊக்கைக் குத்தியதும் மூன்றும் படுத்துவிட்டன.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரவுட்டரின் சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுவது ரீஸ்டார்ட், அதனால் எதுவும் அழியாது. பின்பக்கத்தில் ஒரு சின்னத் துளைக்குள் ஊசியை விட்டு பத்து விநாடி அழுத்துவது ரீசெட், அது ரவுட்டரைக் கடையில் வாங்கின அன்றைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். மும்பையில் நிறைய கட்டிடங்களில் இன்னும் மொட்டை மாடிப் பெட்டியிலிருந்து லேன் கேபிளை ஜன்னல் வழியாக இறக்கித்தான் இணைப்பு தருகிறார்கள், அதில் பெரும்பாலும் பிபிபிஓஇ என்கிற முறை, அதாவது ரவுட்டர் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சொன்னால்தான் நெட் திறக்கும். ரீசெட் செய்தால் அந்த இரண்டும் போய்விடும். அதை யாராவது எழுதி வைத்திருப்பார்களா? இணைப்பு கொடுத்த அன்று வந்த பையன் தட்டிவிட்டுப் போனதுதான். ஞாயிற்றுக்கிழமை கேபிள்காரர் போனை எடுக்கவும் மாட்டார். ஆகவே நெட் நன்றாக இருக்கும்போதே பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் அந்த விவரங்களை செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அமைப்புகளை ஃபைலாகச் சேமிக்கிற வசதி இருந்தால் இன்னும் நல்லது. பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்றால் கேபிள்காரரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சரி, ஊக்கு வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது? முதல் கேள்வி, ஒரு கம்ப்யூட்டரில் இல்லையா, எல்லாவற்றிலும் இல்லையா. இதைக் கேட்காமல் கை வைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். ஒன்றில் மட்டும் இல்லை என்றால் ரவுட்டரைத் தொட வேண்டிய அவசியமே அநேகமாக இல்லை, கோளாறு அந்தக் கம்ப்யூட்டரிலோ அதன் கேபிளிலோ அது செருகியிருக்கும் போர்ட்டிலோ இருக்கும். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரின் கேபிளைப் பிடுங்கி இதில் செருகிப் பாருங்கள். வந்துவிட்டதா, கேபிள் அல்லது போர்ட். வரவில்லையா, கம்ப்யூட்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிளையும் மாற்றி, போர்ட்டையும் மாற்றி, தளப் பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸையும் மாற்றி, கூடவே வைரஸ் தடுப்பையும் நீக்கிவிட்டு "வந்துடுச்சு" என்றால், எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி போகும்போது நான்கையும் மறுபடி செய்துகொண்டிருப்பீர்கள்.

எல்லாவற்றிலும் இல்லை என்றால்கூட, பிரவுசரைத் திறந்து திறந்து பார்ப்பதில் பயன் இல்லை. பிரவுசர் சொல்வது "வரவில்லை" என்ற ஒரே பதில்தான், எங்கே நின்றது என்று அது சொல்லாது. கேபிள் செருகிய இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிள், போர்ட், கருவி, இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். எரிந்தால் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுத்து ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டருக்கு இருக்கிற எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர் முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். 192.168 என்று தொடங்கினால் அநேகமாக ரவுட்டருடன் பேசியிருக்கிறது. அப்புறம் அதே பட்டியலில் டீஃபால்ட் கேட்வே என்று இருக்கிற எண்ணுக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஒரு பிங் (ping), அதாவது "இருக்கிறாயா" என்று கேட்டுப் பார்க்கிற கட்டளை. பதில் வந்தால் அடுத்து வெளியே இருக்கிற கூகுளின் 8.8.8.8க்கு ஒரு பிங். அதற்கும் பதில் வந்து, இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை எண்ணாக மாற்றித் தருகிற இடத்தில். நெட் இருக்கிறது, விலாசம் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை இது, ஆனால் பாதை எங்கே அறுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இனி கேபிள். நான் பார்த்த வரை பாதிக்கு மேல் வழக்குகள் இங்கேதான் முடிகின்றன, ஆனால் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை, "அது வெறும் வயர்தானே" என்கிறார்கள். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு முனைகள் போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கி மீதி நான்கில் ஒன்று போனாலும், பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நீங்கள் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டு, 94, 95க்கு மேல் போகவே மாட்டேன் என்கிற கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த 95 என்ற எண்ணைப் பார்த்தாலே எனக்கு முதலில் கேபிள்தான் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் 100க்கு மேல் தெரியாத பழைய ரவுட்டர் போர்ட்.

சொந்தமாக கிரிம்பிங் செய்கிறவர்கள், அதாவது கேபிள் முனையில் தாங்களே பிளக் போடுகிறவர்கள், பண்ணுகிற தவறு ஒன்று இருக்கிறது. இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதும் என்று நினைத்து ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீலம், பழுப்பு என்று அழகாக வரிசையாக அடுக்கிவிடுவார்கள். கம்பிகள் நேருக்கு நேர் போகும், மலிவான டெஸ்ட்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் 3ம் 6ம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டியது வெவ்வேறு ஜோடிக்குப் போயிருக்கும். முறுக்குவதே ஒரு கம்பியின் இரைச்சலை இன்னொன்று சமன் செய்வதற்குத்தான், ஜோடி பிரிந்தால் அந்தப் பயன் போச்சு. இரண்டு மீட்டரில் ஓடும், ஹாலிலிருந்து படுக்கையறைக்கு இருபது மீட்டர் இழுத்தால் விட்டு விட்டு வரும். சரியான வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசம் எதற்கு என்று அப்போது புரியும். ஒரு முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், சில முறை மடக்கினால் உடையும்.

வீட்டுக்குள் இரண்டாவது ரவுட்டர் வைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ரவுட்டர் சும்மா கிடக்கிறது, உள் அறையில் இரண்டு கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று செருகிவிடுவார்கள். அதுவும் முகவரி வழங்கும், இதுவும் வழங்கும். ஒரே வீட்டில் இரண்டு பேர் டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? இன்றைக்கு இந்தக் கம்ப்யூட்டரில் நெட் இருக்காது, நாளைக்கு அதில் இருக்காது, ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் வரும். பழைய ரவுட்டரை வெறும் ஸ்விட்ச்சாக, அதாவது கேபிளைப் பிரித்துக் கொடுக்க மட்டும் செய்கிற பெட்டியாக வைக்க வேண்டுமென்றால் முதலில் அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றி, அதில் முகவரி வழங்குகிற டிஎச்சிபியை அணைத்து, கேபிளை கம்ப்யூட்டர்களுக்கான லேன் போர்ட்டிலேயே செருகுங்கள். நிறம் மாறித் தனியாக இருக்கிற போர்ட்டில் வேண்டாம். இதைவிட எளிது, இந்தச் சர்க்கஸ் எல்லாம் வேண்டாம் என்று ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கிவிடுவது.

அந்தத் தனிப் போர்ட் பற்றி இன்னொன்று. மாடியிலிருந்து வருகிற கேபிள் அதில்தான் போக வேண்டும். தெரியாமல் லேன் போர்ட்டில் செருகினால் உங்களுக்கு நெட் வராது என்பது ஒரு பக்கம், கேபிள்காரரின் ஸ்விட்ச் தடுக்காவிட்டால் உங்கள் ரவுட்டர் கட்டிடத்துக்கே முகவரி வழங்கத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களும் நெட் இல்லாமல் நிற்பார்கள், காரணம் நீங்கள்தான் என்பது உங்களுக்கே தெரியாது. இதேபோல, தரையில் கிடக்கிற கேபிள் முனையைப் பார்த்து "ஏதோ கழன்றிருக்கிறது" என்று ஸ்விட்ச்சில் செருகுவார்கள், அதன் மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில் இருக்கும். அனுப்பியதே சுற்றிச் சுற்றி வந்து எல்லா விளக்குகளும் ஒன்றாகப் படபடக்கும், வீடு முழுக்க நெட் நின்றுவிடும். உபகாரம் செய்யப் போய் வந்த வினை.

ஃபைபர் வீடுகளில் வேறு மாதிரி. சுவரில் இருக்கிற ஃபைபர் பெட்டியும் 192.168.1.1, அதன் பின்னால் நீங்கள் வாங்கி வைத்த ரவுட்டரும் 192.168.1.1 என்றால், உள்ளே எது வெளியே எது என்று ரவுட்டருக்கே குழப்பம். உங்கள் ரவுட்டரின் எண்ணை 192.168.10.1 என்று மாற்றினால் தீர்ந்தது.

ரவுட்டர் வாங்குவதற்கு முன் ஒரே கம்ப்யூட்டரில் நேரடியாக கேபிளைச் செருகி நெட் பார்த்தவர்கள், அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு கொடுத்து நெட்டைத் திறக்கிற பழைய டயலரையும் கையால் போட்ட ஐபி எண்ணையும் விட்டுவிடுவார்கள். ரவுட்டர் வந்தபின் அந்த ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கும். டயலரை நீக்குங்கள், முகவரியைத் தானாகப் பெறும்படி விடுங்கள். சில கேபிள்காரர்கள் முதலில் செருகிய கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் அடையாள எண்ணைப் பூட்டி வைத்திருப்பார்கள். புது ரவுட்டரில் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், போன் போட்டு மாற்றச் சொன்னால் போதும். சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்குகின்றன, மற்றவை சரி என்றால் எம்டியு என்ற எண்ணைப் பாருங்கள், ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொட்டலத்தின் அளவு அது, பிபிபிஓஇ இணைப்பில் பெரும்பாலும் 1500 அல்ல, 1492.

அடாப்டரை மறந்துவிடாதீர்கள். 12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் அடாப்டர், முள் பொருந்துகிறது என்பதற்காகச் செருகியிருப்பார்கள். விளக்கு எரியும், மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றாக வேலை செய்யும்போது ரவுட்டர் தானாக அணைந்து எழும். கிழண்டுபோன அடாப்டரும் இதையேதான் செய்யும்.

மழைக்காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டில் இருக்காது. மாடிப் பெட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கும், இல்லை அந்தப் பெட்டிக்கு மின்சாரம் தருகிற பிளக்கை யாரோ பிடுங்கியிருப்பார்கள். இடி மின்னலில் வெளியிலிருந்து வருகிற செம்புக் கேபிள் வழியாக அதிர்ச்சி வந்து ரவுட்டரின் அந்தத் தனிப் போர்ட் மட்டும் செத்துப்போவதும் உண்டு, மற்ற விளக்குகள் எல்லாம் எரிவதால் கண்டுபிடிப்பது கஷ்டம். பலத்த இடி என்றால் அந்தக் கேபிளைக் கழற்றி வையுங்கள். கேபிள்காரரிடம் வெறுமனே "நெட் நஹீ ஆ ரஹா" (நெட் வரவில்லை) என்றால் "ரவுட்டர் பந்த் கர்கே சாலு கரோ" (ரவுட்டரை அணைத்துப் போடு) என்றுதான் பதில் வரும். மாடிக் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகியும் விளக்கே எரியவில்லை என்று சொல்லிப் பாருங்கள், மறுபேச்சில்லாமல் ஆளை அனுப்புவார்.

எதிர்வீட்டு மாமா கதையில், கேபிள்காரர் மாலை நான்கு மணிக்குத்தான் போனை எடுத்தார், பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், இரண்டு கம்ப்யூட்டர்கள் உயிர் பெற்றன. மாமாவினது அப்போதும் வரவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன், கேபிள் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது, வீடு துடைக்கும்போது மாப் பட்டு பிளக் அரை அங்குலம் வெளியே வந்திருந்தது. விரலால் தள்ளினேன். விளக்கு எரிந்தது. "இதுக்கா?" என்றார் மாமா. புது முனை போடுகிற வரைக்கும் ஒரு ரப்பர் பேண்டால் கட்டி வைத்தோம். கட்டுகிறபோதே சொன்னார், மாமியின் ஊக்கு அது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று.