புது அப்பாவின் தவறுகள்: தொட்டில் முதல் ஆபீஸ் அரட்டை வரை

குழந்தை பிறந்த வீட்டில் அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் அதில் முக்கால்வாசி அம்மாவுக்குப் போய்விடும். அப்பாவுக்கு மிஞ்சுவது முதுகில் ஒரு தட்டும், "இனிமே உனக்குத் தூக்கம் கிடையாதுடா" என்ற கேலியும்தான். யாரும் எதுவும் சொல்லித் தராததால், பல அப்பாக்கள் பழைய வாழ்க்கையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் குழந்தைக்கு ஓர் இடம் ஒதுக்கப் பார்க்கிறார்கள். அதே வேலை நேரம், அதே ஞாயிற்றுக்கிழமை, அதே அரட்டை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முயற்சியிலிருந்து முளைப்பவை.

"பால் கொடுக்கிறது அவதானே, நான் முழிச்சு என்ன பண்ண?"

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தூக்கம் இரண்டு மணி, மூன்று மணி என்று துண்டு துண்டாக வரும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் பால் குடிப்பது ஒரு பங்கு வேலைதான். எழுந்து தூக்குவது, டயபர் மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைப்பது, மறுபடி தூங்க வைப்பது, இவையெல்லாம் யார் செய்தாலும் நடக்கும். முன்னும் பின்னும் உள்ள இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் மனைவிக்கு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் போலத் தூக்கம் கூடும்.

இதன் எதிர்த்தவறும் உண்டு. பாசத்தில் இருவரும் சேர்ந்தே விழித்திருப்பது. காலையில் வீட்டில் நிதானமாக யோசிக்க ஓர் ஆள்கூட மிஞ்ச மாட்டார். முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, முறை இல்லாதவர் முடிந்தால் வேறு அறையில் தூங்குவதே புத்திசாலித்தனம்.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, பார்க்க அழகாக இருப்பது. சோபாவில் சாய்ந்து, நெஞ்சின் மேல் குழந்தையைப் போட்டுக்கொண்டு அப்பாவும் தூங்கிப்போவார். யாராவது போட்டோகூட எடுப்பார்கள். சோபாவின் மடிப்புக்கும் உங்கள் கைக்கும் நடுவில் குழந்தையின் முகம் புதைந்தால் உங்களுக்குத் தெரியாது. அது தானாகத் திரும்பவும் முடியாது. கண் சொருகுகிறது என்று தெரிந்ததும் எழுந்து போய்க் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிடுங்கள். மல்லாக்க, கெட்டியான சமமான படுக்கையில், தலையணையோ பொம்மையோ தளர்ந்த போர்வையோ இல்லாமல். முதல் ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, ஆனால் அதற்கென்று தனிப் படுக்கையில். அமெரிக்காவில் 1994-ல் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் பிரசாரம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் அங்கே தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்களின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

கையில் வாங்கியதும் திருப்பிக் கொடுப்பது

அழத் தொடங்கிய நிமிடமே "இந்தா, உன்கிட்டதான் வரணுமாம்" என்று நீட்டுவது புது அப்பாக்களின் அனிச்சைச் செயல். அழுகை உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை. இரண்டாவது வாரம் வாக்கில் அழுகை கூடத் தொடங்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சம் தொடும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். சாயங்காலம் கொஞ்சம் அதிகம். அதாவது நீங்கள் ஆபீஸிலிருந்து வரும் நேரம்தான் அதன் கச்சேரி நேரம்! அதனால்தான் "என்னைப் பார்த்தாலே அழுவுது" என்ற எண்ணம் வருகிறது.

எதைச் செய்தும் நிற்கவில்லை, உள்ளே கோபம் ஏறுகிறது என்றால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழட்டும். குழந்தையை ஒருபோதும் பிடித்துக் குலுக்கக் கூடாது. சில நொடிக் குலுக்கலே மூளையைச் சேதப்படுத்தப் போதும்.

டயபர் மாற்றுவதில் செய்யும் பிசகு எளிமையானது: குழந்தையைப் படுக்க வைத்த பிறகு பொருளைத் தேடுவது. புது டயபர், துடைக்கும் துணி, மாற்றுச் சட்டை எல்லாம் முதலில் கைக்கு எட்டும் இடத்தில் வர வேண்டும். அதன் பிறகுதான் குழந்தை. உயரமான இடமென்றால் ஒரு கை எப்போதும் அதன் மேல் இருக்க வேண்டும். தொப்புள்கொடி விழும்வரை, அதாவது முதல் ஒன்று முதல் மூன்று வாரம்வரை, டயபரின் முன்பக்கத்தைக் கொடிக்குக் கீழே மடித்துவிடுங்கள். தொடையோரம் இருக்கும் சுருக்கம் உள்ளே மடங்கியிருந்தால் விரலால் வெளியே எடுத்துவிடுங்கள். நள்ளிரவில் படுக்கை நனைவதற்கு அதுதான் வழக்கமான காரணம். ஆண் குழந்தையென்றால் பழைய டயபரைத் திறந்து இரண்டு நொடி அப்படியே மூடிப் பிடியுங்கள். காற்றுப் பட்டதும் அடுத்து என்ன நடக்கும் என்பதை உங்கள் சட்டை சொல்லும்.

முதல் சில முறை கோணலாகத்தான் வரும். அப்போது அம்மாவோ பாட்டியோ "தள்ளு, நானே பண்றேன்" என்பார்கள். நிம்மதியாக விலகிக்கொள்வதுதான் இங்கே தவறு. அவர்கள் வீட்டில் இல்லாத ஒரு மணி நேரத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள். தனியாக விட்டால் கை தானாகப் படியும்.

மருத்துவத்தில் மட்டும் அனுபவம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் காட்டினால், மருந்து கொடுத்துவிட்டு விடியட்டும் என்று பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

"என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்"

நல்ல மனசோடு சொல்லப்படும் வாக்கியம். ஆனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்று நினைவில் வைத்திருக்கும் வேலை முழுக்க மனைவியின் தலையிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி, டயபர் எத்தனை மிச்சம், எந்தச் சட்டை சிறிதாகிவிட்டது. கேட்டுச் செய்கிற பத்து வேலையைவிட, முழுதாக எடுத்துக்கொண்ட ஒரு வேலை மேல். தடுப்பூசி அட்டை உங்கள் பொறுப்பு என்றால் தேதி பார்ப்பது, நேரம் வாங்குவது, கூட்டிப்போவது, அன்று ராத்திரி சிணுங்கினால் விழிப்பது, எல்லாமே உங்களுடையது.

ஆபீஸ் கேலி

லீவு முடிந்து திரும்பிய முதல் நாள் ஒரு குரல் நிச்சயம் வரும்: "என்னப்பா, நல்லா ரெஸ்ட் எடுத்தியா?" இதற்குக் கோபப்பட்டு, ராத்திரிக் கணக்கையெல்லாம் ஒப்பிக்கத் தேவையில்லை. ஒரு வரி போதும். "வீட்டுக்குப் புது மேனேஜர் வந்திருக்கார். மூணரை கிலோ. எந்த விளக்கமும் கிடையாது, நேரா எஸ்கலேஷன்தான்." சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

சிரிப்பில் தவறு நேர்வது அடுத்தடுத்த வாரங்களில். முதலாவது, தூக்கமில்லாத கோமாளி வேஷம். "நான் இன்னைக்கு ஆளே இல்ல", "என் மூளை வீட்லயே இருக்கு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தால், மூன்றாவது வாரத்தில் எல்லோரும் அதை நம்பிவிடுவார்கள். அடுத்த நல்ல புராஜெக்ட் "பாவம், அவனுக்கு இப்ப வேணாம்" என்று அனுதாபத்தோடு வேறொருவருக்குப் போகும். கேலியாகச் சொன்னதை யாரும் கேலியாகக் குறித்துவைப்பதில்லை.

இரண்டாவது, "வீட்டைவிட ஆபீஸே நிம்மதி." சட்டென்று சிரிப்பு வரும், அதனாலேயே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இதில் அடிபடுவது அந்த நேரம் குழந்தையோடு வீட்டில் தனியாக இருப்பவர். அவர் பதிலுக்கு ஒரு ஜோக் சொல்ல அங்கே இல்லை. பக்கத்து மேஜையில் பிரசவ லீவு முடிந்து வந்த பெண் இருக்கலாம். அதைவிட மோசம், குழந்தை இல்லாதவரைப் பார்த்து "உனக்கென்ன, ஃப்ரீதானே, சனிக்கிழமை நீ வந்துடு" என்பது. அவருக்கு ஏன் குழந்தை இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. அவர் எந்த டாக்டரிடம் எத்தனை வருடமாக அலைகிறார் என்பதும் தெரியாது. உங்களை வைத்தும், குழந்தையின் வயிற்றுப்போக்கை வைத்தும் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். அந்தச் சுரங்கம் வற்றவே வற்றாது.

மூன்றாவது, லீவு எடுக்கும் அப்பாவைக் கிண்டல் செய்வது. இதற்கு நிஜமான விலை உண்டு. நார்வே 1993-ல் அப்பாவுக்கென்றே நான்கு வாரத்தை ஒதுக்கியது. அதுவரை லீவு எடுத்த அப்பாக்கள் மிகச் சிலர். சில ஆண்டுகளில் அது பெரும்பான்மை ஆனது. அந்தத் தரவை வைத்து 2014-ல் வெளியான ஆய்வு ஒன்று, கூட வேலை செய்பவர் லீவு எடுத்ததைப் பார்த்தவர்கள் தாங்களும் எடுக்கும் வாய்ப்பு 11 சதவீதப் புள்ளி கூடியதாகக் கண்டது. முன்னால் எடுத்தவர் மேலதிகாரி என்றால் தாக்கம் இன்னும் அதிகம். லீவு எடுத்தால் ஆபீஸ் எப்படி நடத்தும் என்பதை அடுத்தவரைப் பார்த்துத்தான் ஆட்கள் தெரிந்துகொள்கிறார்கள். அடுத்த மாதம் அப்பா ஆகப்போகிற ஜூனியரும் உங்கள் கிண்டலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

நள்ளிரவு மூன்று மணிக்கு ஒரு கையில் குழந்தை, மறு கையில் போன் என்று குரூப்பில் ஜோக் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்கள் சில சோதனைகளில், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்போது செய்த அளவுக்கோ அதைவிட மோசமாகவோ செய்ததாக 2000-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த நிலையில் எழுதியது உங்களுக்கு மட்டும்தான் வேடிக்கையாகத் தெரியும். மெயிலாக இருந்தாலும் டிராஃப்டில் போட்டுவிட்டு விடிந்ததும் படித்துப் பார்த்து அனுப்புங்கள். வண்டி ஓட்டுவதற்கும் இதே கணக்குதான். அங்கே டிராஃப்ட் வசதி இல்லை.

போட்டோ பகிர்வதிலும் ஒரு வார்த்தை: முதலில் மனைவியிடம் கேளுங்கள். குளிக்கும் படம் வேண்டாம். முழுப் பெயரும் பிறந்த தேதியும் தெரியும்படி கையில் கட்டிய ஆஸ்பத்திரிப் பட்டை உள்ள படமும் வேண்டாம்.

பொழுதுபோக்கு

தியாகி ஆகி எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போடுவது ஒரு தவறு. ஆறு மாதம் கழித்து அந்தத் தியாகம் முணுமுணுப்பாக வெளிவரும். எதையும் மாற்றாமல் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி நேரம் சைக்கிளில் கிளம்பிப் போவது இன்னொரு தவறு. இனி நேரம் இருபது நிமிடத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். அதற்கேற்பப் பொழுதுபோக்கை வெட்டிக்கொள்ள வேண்டும்.

கிதார் உறைக்குள் இருந்தால் எடுக்க மாட்டீர்கள். ஸ்டாண்டில் நின்றால் பத்து நிமிடம் வாசிப்பீர்கள். முழு செஸ் ஆட்டம் முடியாது, புதிர்கள் முடியும். பாதியில் நிறுத்த முடியாத ஆன்லைன் விளையாட்டு வேண்டாம். குழு உங்களைத் திட்டும், குழந்தை காத்திருக்காது. வெளிச் சத்தத்தை அடைக்கும் ஹெட்போன் போட்டுக்கொண்டு "அழுதது கேக்கவே இல்ல" என்று சொல்வதை எந்த நீதிமன்றமும் ஏற்காது. புதிதாகக் கேமரா லென்ஸ் வாங்குவது போட்டோ எடுப்பதற்கு ஈடாகாது என்பதையும் இந்த வருடம்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அந்த இடைவெளியில் லென்ஸுக்குப் பதில் உங்கள் முகம் இருந்தால் அது பார்த்துக்கொண்டே இருக்கும்.

கேட்கும் விதமும் முக்கியம். ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "போயிட்டு வரட்டுமா?" என்றால் அது கேள்வியே இல்லை. வார ஆரம்பத்திலேயே இருவருக்கும் சம நேரம் குறித்து, அவருடைய நேரத்தை முதலில் நடத்திக் காட்டுங்கள். அந்த நேரத்தில் குளிப்பதும் துணி துவைப்பதும் சேராது.

சிரிப்புக்குப் பின்னால்

மனைவியின் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தையின் முதல் வருடம் முடியும்வரை அப்பாக்களில் ஏறக்குறைய 10-ல் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வந்த கட்டுரை கணக்கிட்டது. குழந்தை பிறந்து மூன்று முதல் ஆறு மாதக் காலத்தில் அது கூடுதல். ஆண்களிடம் அது அழுகையாக வராமல் எரிச்சலாகவோ, வேண்டுமென்றே ஆபீஸில் தங்குவதாகவோ, குடி கூடுவதாகவோ, ஓயாத ஜோக்காகவோ வெளிப்படலாம். குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை என்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று தள்ளிப்போடாதீர்கள். குழந்தையை டாக்டரிடம் கூட்டிப்போகும் அன்றே உங்களுக்கும் ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று ஒரு வாரக் கணக்கை போனில் குறித்து எடுத்துப் போனால், அவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு அது பதில் ஆகும்.