வால்வு ரேடியோ அலைன்மென்ட்: எனக்கு உதவிய கருவிகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வால்வு ரேடியோவில் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மட்டும் உரக்கக் கேட்கும். திருச்சியின் 936 இரவில்கூட வெறும் முணுமுணுப்பு. வால்வுகளும் கண்டென்சர்களும் நன்றாக இருந்தன. ரேடியோ எந்த நிலையத்தையும் முதலில் ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு (ஐ.எஃப்., இங்கே 455 கிலோஹெர்ட்ஸ்) மாற்றிக்கொள்ளும். அதற்கான ஐ.எஃப். டிரான்ஸ்பார்மர்களின் டியூனிங் விலகியிருந்ததுதான் கோளாறு. இப்படி விலகியதை மீண்டும் சரிசெய்வதே அலைன்மென்ட்.

அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் இல்லாமல் இது முடியாது என்பார்கள். ஏ.எம். ரேடியோவுக்கு அது அவசியமில்லை. வேண்டிய அதிர்வெண்ணில் சோதனை சிக்னல் தரும் சிக்னல் ஜெனரேட்டர், பர்மா பஜாரில் கிடைத்த பழையதே போதுமானது. ஆனால் அதன் டயலை நம்பாதீர்கள். 455 என்று காட்டும் இடம் கணிசமாக விலகியிருக்கலாம். அருகில் உண்மையான அதிர்வெண்ணை அளந்து காட்டும் ஒரு பிரீக்வென்சி கவுண்டர் கட்டாயம் வேண்டும். சிக்னலை மிகவும் குறைக்கவும் முடிய வேண்டும். பலமாகக் கொடுத்தால், ஒலி அளவைத் தானாகச் சமன்செய்யும் ஏ.வி.சி. குறுக்கிட்டு, உச்சம் எங்கே என்றே தெரியாமல் செய்துவிடும்.

ஸ்பீக்கர் முனைகளில் முள் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்தேன். எண்கள் தாவும் டிஜிட்டல் மீட்டரைவிட இந்த வேலைக்கு முள்தான் சிறந்தது. ஐ.எஃப். டிரான்ஸ்பார்மரின் சுருளுக்குள் இருக்கும் திருகு போன்ற 'கோர்' மெழுகில் இறுகியிருந்தது. அதை ஹேர் டிரையரால் இளக்கி, பிளாஸ்டிக் திருப்பியால் மெல்லத் திருப்பினேன். இரும்புத் திருப்பி அருகில் வந்தாலே டியூனிங் மாறிவிடும். கால் சுற்றில் முள் விறுவிறுவென்று ஏறியது!

பிறகு டயலை நிலையங்களோடு பொருத்தும் வேலை: 600 கிலோஹெர்ட்ஸில் ஆசிலேட்டர் காயில் (ரேடியோவுக்குள்ளேயே அலை உண்டாக்கும் பகுதியின் சுருள்), 1400-இல் டிரிம்மர் (திருகித் திருத்தும் சிறு கண்டென்சர்). இரண்டும் டயலோடு ஒத்துப்போகும்வரை மாறி மாறிச் சரிசெய்தேன். அன்றிரவு திருச்சி தெளிவாகக் கேட்டது.

மெயின் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. வகை ரேடியோவில் சேஸிஸிலேயே (உள்ளிருக்கும் உலோகச் சட்டத்திலேயே) மின்சாரம் இருக்கலாம். ரேடியோவை மின் இணைப்பிலிருந்து நேரடித் தொடர்பின்றிப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் கை வைக்காதீர்கள்.